பஞ்சாயத்துத் தேர்தல் ஓட்டு எண்ணப் போகிறீர்களா?

2020 ஜனவரி 2 காலை எட்டு மணிக்கு எண்ண உட்கார்ந்தேன். வேலை முடிந்து வெளியே வந்தபோது மறுநாள் விடிந்திருந்தது. முதல் முறை இந்தப் பணிக்குப் போகிற ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

கிராமத்தில் ஒரு வாக்காளர் நான்கு சீட்டுகளையும் ஒரே பெட்டியில் போடுகிறார்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பெட்டியைக் கொட்டியதும் நிறம் பிரியுங்கள். யாருக்கு விழுந்திருக்கிறது என்று அப்போதே பார்க்க வேண்டாம். ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துப் பாருங்கள், பச்சைக்குள் மஞ்சள் சொருகியிருக்கும். அப்புறம் ஐம்பது ஐம்பதாகக் கட்டுப் போட்டு, வாக்குச்சாவடியிலிருந்து வந்த கணக்கோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தாலும் பெட்டியின் மூலையில் கை விட்டுத் துழாவுங்கள். கிடைக்காவிட்டால் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை.

சின்னம் வாரியாகப் பிரிக்கும்போதுதான் சண்டை வரும். இரண்டு சின்னத்தில் முத்திரை விழுந்த சீட்டு செல்லாது. முத்திரையே இல்லாததும், கையெழுத்தோ கைரேகையோ வைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பதும் அப்படியே. ஆனால் இரண்டு முத்திரை தெரிந்தவுடன் ஓரங்கட்டிவிடாதீர்கள். மை காயாமல் மடித்தால் எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். நம் முத்திரை ஸ்வஸ்திக் போல இருப்பதால், ஒட்டிய அச்சில் கைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிர்த்திசையில் திரும்பியிருக்கும், மையும் வெளிறியிருக்கும். அசல் எதுவோ அந்தச் சின்னத்துக்குத்தான் ஓட்டு. என் மேசையில் ஒரு வார்டில் வித்தியாசமே இரண்டு ஓட்டு. அன்று இப்படிப்பட்ட சீட்டு மூன்று வந்தது. மூன்றையும் வேட்பாளர்களின் முகவர்கள் எல்லார் கண்ணுக்கும் எட்டும்படி தூக்கிப் பிடித்துக் காட்டினேன். தோற்ற அம்மாவின் முகவர் தானே திசையைப் பார்த்து, "சரிங்க டீச்சர்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரவெல்லாம் கண் விழிக்கிறோம். சந்தேகச் சீட்டை நீங்களே முடிவு செய்யாதீர்கள், தனியாக வைத்து அலுவலரிடம் கொடுங்கள்.

கூட்டுத்தொகையை இன்னொருவர் திரும்பக் கூட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் 46, 64 ஆகிவிடும். செல்லாதவற்றையும் சேர்த்துத்தான் பெட்டிக் கணக்கு நேராக வேண்டும்.

முடிவை அறிவிப்பது தேர்தல் நடத்தும் அலுவலர் மட்டுமே. நீங்கள் வெளியே தெரிந்தவர்களிடம்கூட வாய் திறக்க வேண்டாம். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் அறிவிப்புக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும், முகவர்களுக்கு இதை முன்கூட்டியே நினைவூட்டுங்கள், பலருக்குத் தெரியாது. இரண்டு வேட்பாளருக்குச் சமமாக வந்தால் அலுவலர் குலுக்கல் போடுவார். ஒவ்வொருவரும் பெற்ற ஓட்டைச் சத்தமாக வாசித்த பிறகுதான் வென்றவர் கையில் சான்றிதழ். அந்தக் கைதட்டலில் நீங்களும் எழுந்து போய்விடாதீர்கள். எண்ணிய சீட்டுகளை உறையிலிட்டு, ஊர் பெயரும் வார்டு எண்ணும் எழுதி, அரக்கு முத்திரை வைக்கும் வரை மேசையிலேயே இருங்கள்.