குன்னூர் வீட்டின் வெளிச்சுவருக்கு மீண்டும் சுண்ணாம்புக் காரை

குன்னூரில் எங்கள் தாத்தா காலத்து வீடு, சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய செங்கல் வீடு. பிற்காலத்தில் வெளிச்சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஒவ்வோர் ஐப்பசி மழைக்கும் பூச்சின் பின்னால் ஈரம் தங்கி, விரலால் சுரண்டினாலே செங்கல் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அடைத்துவிடும். மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கச் சொன்னவர்களுக்கு நான் இசையவில்லை. ஈரம் இன்னும் உள்ளேயே முடங்கும்.

உறைபனி ஓய்ந்த மாசியில் தொடங்கினோம். பச்சைக் காரையில் பனி உறைந்தால் பூச்சு பெயர்ந்துவிடும். சிமெண்டை உளியால் மெல்லக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டோம். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறிய நீர், கொஞ்சம் வெல்லம் சேர்த்துக் குழைத்தார் கொத்தனார் அண்ணன். மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. வெயில் நேரே படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். இதில் அவசரமே ஆகாது. கடைசியில் வெள்ளையடிப்பு, அதுவும் சுண்ணாம்பில்தான்.

தகரக் கூரையோரத்து மரவேலைப்பாட்டுப் பலகைகளில் இற்றுப்போன முனைகளை மட்டும் மாற்றினோம். அடுத்த மழையில் உள்ளே பூஞ்சை பிடிக்கவில்லை. வடக்குச் சுவரின் அடியில் மட்டும் இன்னும் ஈரம் இருக்கிறது. அங்கே சேர்ந்திருக்கும் மண்ணை அகற்றி வாய்க்கால் வெட்ட வேண்டும்.