தவறான விடையை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: பாடம் நடத்துவோருக்கும் படிப்போருக்கும் ஒரு வழிகாட்டி

பிளஸ் ஒன் இயற்பியலில் ‘வேலை, ஆற்றல், திறன்’ பாடத்தை நாளை நடத்தவிருக்கும் ஆசிரியர், பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்ததும் முதலில் இரண்டு வரிகளை எழுத வேண்டும். பாடம் முடிந்தபின் மாணவர்கள் யாருடைய துணையும் இல்லாமல் போட்டுக் காட்ட வேண்டிய கணக்கு எது என்பது ஒன்று. அதற்கு அவர்கள் சொல்லக்கூடிய தவறான விடை எது என்பது மற்றொன்று. தலைப்பு, வரையறை, வீட்டுப்பாடம் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். இயற்பியலை ஆழமாகக் கற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்று அறிந்தவர்கள் சிலரே. அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல், ஆசிரியருக்கே உரிய தனி அறிவாக இதைப் பிரித்துக் காட்டினார்.

கொங்கு நாட்டு வகுப்பறையில் இந்தப் பாடத்துக்குக் கிணற்று மோட்டாரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. 30 மீட்டர், அதாவது ஏறத்தாழ 100 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீரை 3 எச்.பி. மோட்டார் ஒருமுறையும் 5 எச்.பி. மோட்டார் ஒருமுறையும் மேலேற்றினால், எது அதிக வேலை செய்தது என்று கேளுங்கள். பெரும்பாலோர் பெரிய மோட்டாரைத்தான் சொல்வார்கள். உடனே திருத்தாமல், அந்த விடைக்குள்ளேயே அவர்களை நடத்திச் செல்லுங்கள்.

“அஞ்சு எச்.பி.தானுங்க சார், தண்ணி வேகமா வருதுங்களே.”

“சரி கண்ணு, கடைசியில தொட்டியில எவ்வளவு தண்ணி சேர்ந்துச்சு?”

“ரெண்டுலயும் ஆயிரம் லிட்டருங்க.”

“எவ்வளவு உயரம் ஏறுச்சு?”

“ரெண்டும் அதே உயரந்தானுங்க… அப்ப வேலையும் ஒண்ணுதானுங்களா?”

இந்தக் கேள்வி மாணவர் வாயிலிருந்து வந்தபிறகே சுண்ணக்கட்டியை எடுக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரின் நிறையான 1,000 கிலோவை, புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆலும் உயரமான 30-ஆலும் பெருக்கினால் வேலை 2,94,000 ஜூல். இது இரண்டு மோட்டாருக்கும் பொது. ஒரு எச்.பி. என்பது 746 வாட் என்பதால், வீணாகும் ஆற்றலை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் பெரிய மோட்டாருக்குச் சுமார் 79 விநாடியும் சிறியதற்குச் சுமார் 131 விநாடியும் ஆகும். வேறுபடுவது நேரம் மட்டுமே என்று பிள்ளைகள் கண்டுகொண்ட அந்தக் கணத்தில் ‘திறன்’ என்ற சொல்லையும், ஒரு விநாடியில் செய்யப்படும் வேலை என்ற அதன் வரையறையையும் எழுதினால், அது மனப்பாடம் செய்யவேண்டிய வரியாக இல்லாமல், அவர்களுக்கு அப்போதே தேவைப்படும் சொல்லாக வந்து அமையும். தோட்டத்தில் மோட்டார் இருக்கும் மாணவர்களை, தொட்டி நிரம்பும் நேரத்தைக் குறித்துவரச் சொல்லுங்கள். கணக்கில் வந்ததைவிடக் கூடுதல் நேரம்தான் வரும். அதற்கான காரணத்தைக் குழாயின் உராய்விலும் பம்புக்குள் வீணாகும் ஆற்றலிலும் தேடுவதே மறுநாள் பாடத்தின் தொடக்கமாக இருக்கட்டும்.

இனி மாணவர் பக்கம். மிச்சலின் சீ, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகியோர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்பியல் கணக்குகளைத் தீர்க்கச் சொல்லாமல் வகை பிரிக்க மட்டும் சொன்னார்கள். தொடக்கநிலை மாணவர்கள் சாய்தளம் உள்ளவை, சுருள்வில் உள்ளவை என்று தோற்றத்தைக் கொண்டு பிரித்தார்கள்; துறையில் தேர்ந்தவர்களோ ஆற்றல் அழியாமை, நியூட்டனின் இரண்டாம் விதி என்று அடிப்படைத் தத்துவத்தைக் கொண்டு பிரித்தார்கள். பொள்ளாச்சியில் தென்னை ஏறுபவர், ஈரோட்டில் லாரியில் ஏற்றப்படும் மஞ்சள் மூட்டை, கிணற்று நீர் ஆகிய மூன்றும் எடையை உயரத்தால் பெருக்கும் ஒரே கணக்கு என்பது, தேர்ந்தவர் கண்ணுக்கு முதல் வாசிப்பிலேயே தெரிகிறது.

இந்தப் பார்வையைப் பழக்கிக்கொள்ளலாம். பாடத்தின் பின்னாலுள்ள கணக்குகளையும் முந்தைய இரண்டு பாடங்களின் கணக்குகளையும் தனித்தனித் துண்டுச்சீட்டுகளில் எழுதிக் கலந்துவிடுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து, விடை காணாமல், இதில் எந்தத் தத்துவம் வேலை செய்கிறது, ஏன் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். ஒரே பாடக் கணக்குகளை வரிசையாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது; தேர்வு வினாத்தாளில் அந்த உதவி கிடையாது.

படித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பது நம் பிள்ளைகள் அதிகம் நம்பும் முறை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனைகளில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். ஆகவே ஒருமுறை கவனமாகப் படித்தபின் புத்தகத்தை மூடி, நினைவிலுள்ளதை வெற்றுத்தாளில் எழுதி, விட்டுப்போனதை வேறு நிற மையால் சேருங்கள். மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் இதையே செய்யுங்கள். திணறித் திணறி எழுதுவதால் படிப்பு ஏறவில்லை என்று தோன்றும். அந்தத் திணறலில்தான் நினைவு உறுதிப்படுகிறது.

நம் பகுதிப் பள்ளிகளில் வாராந்திரத் தேர்வுகளுக்குக் குறைவில்லை, அதில் தவறும் இல்லை. மதிப்பெண்ணை வாசித்துவிட்டு விடைத்தாளைக் கட்டிவைப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. தாளைத் திருப்பித் தரும் நாளில் பத்து நிமிடம் ஒதுக்கி, அதிகம் பேர் செய்த ஒரு தவறை, செய்தவர் பெயரைச் சொல்லாமல் பலகையில் எழுதி, அந்த விடை ஏன் சரிபோலத் தோன்றுகிறது என்று வகுப்பையே விளக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் தனி நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரித்து, தாம் எழுதிய விடை, அப்படி எழுதியதற்கான எண்ணம், சரியான காரணம் ஆகியவற்றைக் குறித்துவைக்கட்டும். அடுத்த தேர்வுக்கு முந்தைய நாள் முதல் பத்தியை மட்டும் திறந்துவைத்து, மற்ற இரண்டையும் ஒரு அட்டையால் மறைத்து, தாமே சொல்லிப் பார்க்கட்டும்.