பசங்க கையில ஊசியும் மண்ணும் குடுக்கறது எப்படி (எங்க கடலூர் வீட்டு அனுபவம்)

என் பையனுக்கு ஒம்போது வயசு, பொண்ணுக்கு ஆறு. ரெண்டு பேருக்கும் தையலும் செடி வளக்கறதும் பழக்கிட்டு இருக்கேன், நான் தப்பு பண்ணி கத்துக்கிட்டதையும் சேத்தே எழுதறேன்.

மொதல்ல தையல். சின்னதுங்களுக்கு எடுத்தவுடனே கூர் ஊசி வேணாம், ஃபேன்ஸி ஸ்டோர்ல கம்பளி நூல் கோக்கற மொட்டை ஊசி கிடைக்கும், அதையும் அரிசி சாக்குல ஒரு துண்டையும் குடுங்க, சணல் சாக்குல ஓட்டை ஓட்டையா இருக்கறதால ஊசி தானா உள்ள போய் வரும். ஓட்டுத் தையல் (ஊசியை மேலயும் கீழயுமா விட்டு ஓட்டிட்டே போறது) நேரா வர ஆரம்பிச்சதும் பழைய லுங்கி துணிக்கு மாத்துங்க, நல்லா துவைச்சு துவைச்சு மெத்துனு ஆன துணி, பிஞ்சு விரலுக்கு சுலபம்.

நூல் விஷயத்துலதான் எல்லா புள்ளைங்களும் மாட்டும். மறுபடி மறுபடி கோக்கணுமேன்னு சோம்பேறித்தனப்பட்டு ரெண்டு கை நீளத்துக்கு இழுப்பாங்க, அது நாலாவது குத்துலயே சிக்கு விழுந்து அழுகை ஆரம்பிச்சிடும். புள்ளையோட கையாலயே ஒரு முழம் அளந்து ஒத்தை நூலா விடுங்க, ரெட்டையா வேணும்னா ரெண்டு முழம், அவ்ளோதான். முனையை சாய்வா வெட்டினா கோக்கறது சுலபம்.

அப்புறம் ஊசி கணக்கு. எங்க வீட்ல ராத்திரி பாய் விரிச்சு படுக்கறவங்க நாலு பேர், ஒரு ஊசி காணாம போனா யார் காலு யார் முதுகுன்னு தெரியாது. அதனால டப்பால மூணே மூணு ஊசி, தைச்சு முடிச்சு எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி எண்ணி சொல்லணும். கெட்டுப்போன ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தம் ஒண்ணு வச்சிருக்கேன், ஊசி விழுந்தா அதை தரையில தடவி தேடறது இதுங்களுக்கு விளையாட்டா ஆகிடுச்சு, சில நேரம் வேணும்னே போடுதுங்களோன்னு சந்தேகம்.

கொஞ்சம் கை பழகினதும் பட்டன் வைக்க விடுங்க, சும்மா சாம்பிள் துணியில இல்ல, நாளைக்கு போட்டுட்டு போகப்போற ஸ்கூல் சட்டையில. அடியில இருந்து ஊசியை மேல கொண்டுவந்து, பட்டன் மேல ஒரு தீக்குச்சியை படுக்க வச்சு அதுக்கு மேலயே தைக்க சொல்லுங்க, ஒவ்வொரு ஜோடி ஓட்டைக்கும் நாலு தடவை. முடிஞ்சதும் குச்சியை உருவிட்டு பட்டனை மேல தூக்கி, துணிக்கும் பட்டனுக்கும் நடுவுல நூலை மூணு சுத்து சுத்தி அடியில முடிச்சு. அந்த இடைவெளி இல்லேன்னா காஜா (பட்டன் நுழையற ஓட்டை) துணி உள்ள உக்காராது, பட்டன் போடறப்ப இழுத்துக்கிட்டு சீக்கிரமே அறுந்துடும்.

ஆம்பள புள்ளைக்கு எதுக்குடி இதெல்லாம்னு கேட்டவங்க உண்டு. கடைத்தெருவுல மிஷின் போட்டு உக்காந்திருக்கறதெல்லாம் ஆம்பளைங்கதானேன்னு கேட்டேன், அப்புறம் பேச்சே இல்ல. 2011 டிசம்பர் 30-ல 'தானே'ன்னு பேர் வச்ச புயல் அடிச்சு ஊரே இருட்டுல கிடந்தப்ப, கிழிஞ்ச தார்ப்பாயை அரிக்கேன் வெளிச்சத்துல கோணி ஊசி வச்சு தைச்சது எங்க மாமனார்தான்.

நான் பண்ணின பெரிய தப்பை சொல்லிடறேன். பையன் தலையணை உறை ஒண்ணு தைச்சான், தையல் பாம்பு மாதிரி போச்சு, அவன் தூங்கினப்புறம் நான் பிரிச்சு அழகா தைச்சு வச்சேன். காலையில கையில எடுத்து தடவி பாத்தவன், "அப்போ நீயே தைச்சுக்கோ"ன்னு வச்சுட்டு போயிட்டான், ரெண்டு மாசம் ஊசி பக்கமே வரல. கடைசில எங்க அத்தைதான் வழிக்கு கொண்டுவந்தாங்க. "டேய் ராசா, ஆயாவுக்கு கண்ணு தெரியல, இந்த ஊசியை கோத்து குடுடா"ன்னு தினம் ஒரு தடவை கூப்பிடுவாங்க. கோத்து குடுத்தவன் அங்கேயே உக்காந்துக்குவான். கோணலா இருந்தா இருக்கட்டும், தொடாதீங்க.

செடிக்கு வருவோம். இங்க ஐப்பசி கார்த்திகையில மழை வெளுத்து வாங்கும், அப்ப கீரை விதைச்சா ஒரே ராத்திரியில தொட்டியோட கரைஞ்சிடும், எங்களுக்கு ஆச்சு. தை பொறந்ததும் ஆரம்பிக்கறது நல்லது. கடற்கரை பக்கம் வீடுன்னா வெறும் மணல், ஊத்தற தண்ணி நிக்காம இறங்கிடும், அதனால ரெண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கின சாணி எரு, ஒரு பங்கு ஊறவச்ச தென்னை நார்க்கழிவு. போர் தண்ணி காய்ஞ்ச பக்கெட்டுல வெள்ளையா படியுதுன்னா உப்புன்னு அர்த்தம், அதுக்கு பதிலா அரிசி கழுவின தண்ணியை ஊத்துங்க.

முதல் பயிர் வெந்தயம்தான், மூணு நாலு நாள்ல தலை காட்டிடும். அதுக்குள்ளயும் எங்க பொண்ணு தினம் மண்ணை தோண்டி "ம்மா, இன்னும் வரலம்மா"ன்னு விதையை கையில எடுத்துட்டு வந்து நிப்பா. திட்டி பிரயோஜனம் இல்ல. ஒரு கண்ணாடி டம்ளர்ல ஈரப்பஞ்சு வச்சு அதுல நாலு வெந்தயம் போட்டு குடுத்தேன், இது பாக்கறதுக்கு, தொட்டி வளரறதுக்கு. டம்ளர்ல வால் மாதிரி வேர் வந்தன்னிக்கு தெருவே வந்து பாத்துட்டு போச்சு.

அடுத்து முளைக்கீரை. விதை பொடிசு, ஒரு சிட்டிகைக்கு ஒரு கைப்பிடி மணல் கலந்து தூவ சொல்லுங்க, தண்ணியை கையால தெளிக்கணும், மக்கால ஊத்தினா எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிடும். எறும்பு விதையை தூக்கிட்டு போகும், சுத்தி கொஞ்சம் ரவை போட்டா அதை தூக்கிட்டு இதை விட்டுடும். இருபத்தஞ்சு நாள் பக்கம் ஆனதும் பிடுங்கலாம். கொத்தமல்லின்னா விதையை பூரிக்கட்டையால லேசா உருட்டி ரெண்டா உடைச்சு போடணும்.

நேத்து பையன் சட்டையில பட்டன் தைச்சான், வெள்ளை நூல் தீந்து போச்சாம், பச்சை நூல்ல தைச்சிருக்கான். அப்படியேதான் இன்னிக்கு ஸ்கூலுக்கு போயிருக்கான்.