தூண்டில் ஈயம் நாமே வார்ப்பது எப்படி?

திருகோணமலையில் டச்பேயிலும் கிண்ணியாப் பாலத்தடியிலும் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஈயம் எப்படிக் கரையும் என்று தெரியும். கல்லிடுக்கில் ஒன்று போகும், பழைய வலைத்துண்டில் இன்னொன்று மாட்டும். நான் நான்கு வருடமாக எனக்குத் தேவையானதை நானே வார்க்கிறேன். நுணுக்கங்களில் பாதி, அமெரிக்காவில் துப்பாக்கி ரவையைத் தாங்களே வார்க்கிறவர்கள் எழுதியதைப் படித்துக் கற்றது. ரவையோ தூண்டில் குண்டோ, உருகிய ஈயத்தின் குணம் ஒன்றுதான்.

முதலில் சாமான். இரும்புத் தாச்சி, நீளப் பிடி வைத்த கரண்டி, காஸ் அடுப்பு, அச்சு, முகம் முழுக்க மூடும் கண்ணாடி, தோல் கையுறை, சப்பாத்து. அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம், சூட்டில் தளர்ந்துவிடும். தாச்சியும் கரண்டியும் இனிக் குசினிக்குத் திரும்பக் கூடாது. அச்சு மட்டும் அலுமினியத்தில் இருக்கட்டும். மர அச்சு சில வார்ப்பிலேயே கருகிவிடும். பிளாஸ்டர் அச்சு வெளியே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். லேத் பட்டறையில் சொல்லி, இரண்டு பாதியாகச் செய்து வாங்குங்கள்.

குண்டு எத்தனை கிராம் வரும் என்று அறிய, சிரிஞ்சால் அச்சுக்குள் தண்ணீர் விட்டு அளக்கலாம். ஒரு மில்லிலீற்றர் இடத்துக்கு 11.3 கிராம் ஈயம். 8 மில்லிலீற்றர் பிடித்தால் 90 கிராம். அளந்த அச்சை அன்றைக்கே வார்க்க எடுக்காதீர்கள்.

ஈயத்துக்கு நல்ல இடம் ரயர் கடை. சில்லைச் சமப்படுத்த ஒட்டும் கட்டிகளைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். அதில் இரும்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், துத்தநாகத்துக்கு 420 வேண்டும். தீயை மெல்ல வைத்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், அள்ளி எடுத்துவிடலாம். உருகிக் கலந்தால் ஈயம் கூழாகி அச்சின் மூலைக்குள் இறங்காது.

இப்போது ஈரம். இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

உப்புவெளிக் கரையில் பொறுக்கிய பழைய குண்டு ஒன்றை இரண்டு நாள் வெயிலில் வைத்திருந்தேன். வெளியே வெள்ளை பூத்துக் காய்ந்திருந்தது. தங்கூசி நுழைகிற துளைக்குள் மணலும் உப்பும் இறுகிக் கிடந்ததை நான் பார்க்கவில்லை. உருகிய ஈயத்துக்குள் அதைப் போட்டதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். தாச்சியில் இருந்தது எழும்பி என்மேல் தெறித்தது. முழங்கைக்கு மேலே பயறளவுத் தழும்பு இருக்கிறது. முகக் கண்ணாடியில், சரியாக இடது கண்ணுக்கு நேரே, ஒரு ஈயச் சொட்டு ஒட்டியபடி இருக்கிறது. அதை நான் சுரண்டவில்லை.

தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். ஈயத்துக்கு அடியில் அகப்பட்ட ஒரு சொட்டு, ஈயத்தைத் தூக்கி எறிந்துதான் அந்த இடத்தை எடுக்கும். ஆகவே எல்லா ஈயத்தையும் குளிர்ந்த தாச்சியில் போட்டு, அப்புறம் அடுப்பை மூட்டுங்கள். உருகியபின் ஒரு துண்டும் சேர்க்காதீர்கள். அச்சையும் கரண்டியையும் அடுப்போரத்தில் வைத்து நன்றாகச் சூடாக்குங்கள். ஐப்பசி முதல் தை வரை, எங்கள் மழைக்காலம் முடியும்வரை, நான் அடுப்பே மூட்டுவதில்லை.

வார்ப்பது சுலபம். மேலே வரும் கசடை வழித்து மூடியுள்ள தகரத்தில் போடுங்கள். மெழுகுதிரிப் புகையை அச்சுக்குள் பிடித்துக் கரி ஏற்றினால் ஈயம் நன்றாக ஓடும். நூல் கட்டுவதற்கான பித்தளைக் கம்பி வளையத்தை அச்சுக்குள் வைத்து, அச்சை இறுக்கி, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். குண்டின் மேல் சுருக்கம் விழுந்தால் அச்சுக்குச் சூடு போதவில்லை. ஈயத்தின் மேல் மஞ்சளும் ஊதாவும் படர்ந்தால் தீ கூடிவிட்டது, குறையுங்கள்.

திறந்த முற்றத்தில், காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். கச்சான் காற்று சுழன்றடிக்கிற நாளில் வேண்டாம். இன்ன அளவு ஈயம் இரத்தத்தில் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, உடுப்பை மாற்றி, அதைத் தனியாகத் தோயுங்கள். அதன் பிறகுதான் தேநீர்.

பின்சேர்க்கை: பழைய கார் பற்றறியை உடைத்து ஈயம் எடுக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. அமிலம் ஒரு பக்கம். அந்தத் தகடுகளில் ஆர்செனிக்கும் அன்டிமனியும் இருக்கும், அவற்றிலிருந்து நச்சு வாயு கிளம்பலாம்.

இன்னொருவர் 10 கிராம் குண்டுக்கு அச்சு கேட்டார். அதை நான் வார்ப்பதில்லை. பிரித்தானியாவில் அன்னங்கள் சிறிய ஈயத்தை விழுங்கிச் செத்ததால், 28.35 கிராம் வரையான தூண்டில் ஈயங்களை 1987இல் தடை செய்தார்கள். நம் களப்பிலும் பறவைகள் மேய்கின்றன. சின்னப் பாரத்துக்கு இரும்பு நட்டு போதும். கல்லடர்ந்த இடத்துக்கு நான் ஈயமே கொண்டுபோவதில்லை. கூழாங்கல்லை மெல்லிய நூலில் கட்டிப் போடுகிறேன், மாட்டினால் நூல் அறுந்து கல் மட்டும் கடலோடு போகும்.