மரத்தில் போக்கர் சிப்: நடு ஓட்டைதான் வசதி

போக்கர் சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லைதான் சிப். அதற்கு உருண்டைக் கட்டையை வில்லை வில்லையாக அறுத்துவிடலாம் என்றுதான் முதலில் இறங்கினேன். 4 மி.மீ. கனத்துக்கு அறுத்ததும் பாதி கையிலேயே பிளந்துவிட்டது. ப்ளைவுட்டுக்கு அந்த வம்பு இல்லை.

கடையில் விற்கும் சிப் 39 மி.மீ. அகலம். 44 மி.மீ. ஹோல்சா (ட்ரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் ரம்பம்) வாங்குங்கள், பல்லின் கனம் போக, உள்ளே விழும் வில்லை ஏறக்குறைய அந்த அளவுக்கு வரும். அடியில் ஒரு வீண்பலகை கொடுத்து, இரண்டையும் கிளாம்பில் இறுக்கித் துளையுங்கள். இல்லாவிட்டால் அடிப்பக்கம் சிலும்பும்.

ஹோல்சாவின் நடு பிட்டால் வில்லையின் நடுவில் விழும் ஓட்டையைத் திட்டாதீர்கள். இருபது வில்லைகளை நீளமான 6 மி.மீ. போல்ட்டில் கோத்து, நட்டை முறுக்கி, மரை முனையை ட்ரில்லில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு உப்புத்தாளைப் பிடியுங்கள். எல்லா விளிம்பும் ஒரே அளவாகிவிடும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம், ப்ளைவுட் தூசி பொல்லாதது.

சாயம் முதலில், எண்ணெய் அப்புறம். மாற்றிச் செய்தால் சாயம் ஏறாது. அமெரிக்க வழக்கப்படி நிறங்களின் மதிப்பு டாலரில்: வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100.

ஓட்டையை மரக்குச்சியால் அடைக்கலாம். நான் அப்படியே விட்டு, நிறவாரியாக நூலில் கோத்து ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன்.