புது வீட்டில் பேட்டரிகள்: தீர்ந்ததையும் நம்ப வேண்டாம்

வந்த புதிதில் பலரைக் குழப்புவது கூரையில் இருக்கும் புகை அலாரம். சற்று நேரத்துக்கு ஒருமுறை 'கீச்' என்று ஒற்றைச் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் உள்ளே பேட்டரி தீரப்போகிறது, அவ்வளவுதான். எரிச்சலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், அன்றைக்கே மாற்றுங்கள். வாடகை வீடென்றால் யார் மாற்ற வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கழற்றிய பழைய பேட்டரியை என்ன செய்வது? பல அலாரங்களில் இருப்பது பெட்டி போன்ற 9 வோல்ட் பேட்டரி. அதன் இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில் நெருக்கமாக இருக்கும். மேசை இழுப்பறையில் ஒரு சாவியோ நாணயமோ இரண்டையும் சேர்த்துத் தொட்டால் போதும், சூடேறிவிடும். பக்கத்தில் காகிதம் கிடந்தால் தீயும் பிடிக்கலாம். அலாரத்துக்குப் போதாத மின்சாரம் இதற்குத் தாராளமாகப் போதும். அதனால் முனைகள் மறையும்படி டேப் ஒட்டிவிட்டுத்தான் எடுத்துவைக்க வேண்டும்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட நாணயம் போலத் தட்டையாக இருக்கும் பட்டன் பேட்டரிக்குப் பயப்படுங்கள். கார் சாவி, எடை பார்க்கும் கருவி, சின்ன ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என எதிர்பாராத இடங்களில் அது இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வகை குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். பேட்டரி கசிந்தால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஈரமான சதையில் மின்சாரம் பாய்ந்து, அங்கேயே சதையை அரிக்கும் கடும் காரப்பொருளை உண்டாக்கும். 2 மணி நேரத்துக்குள் சதை வெந்து புண்ணாகிவிடும். பழைய பேட்டரியும் இதையே செய்யும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பல நாடுகளில் நஞ்சுத் தகவலுக்கென்று தனித் தொலைபேசி எண் உண்டு. அதை இப்போதே தேடிப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். வழியில் குழந்தைக்கு ஏதாவது கொடுக்கலாமா என்பதையெல்லாம் அந்த எண்ணில் பேசுபவர்களே சொல்வார்கள்.

ரிமோட்டில் போடும் சாதாரண ஆல்கலைன் பேட்டரிகள் அவ்வளவு பயமுறுத்துவதில்லை. பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். பழையது சீக்கிரம் தீர்ந்து கசியும். கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். பேட்டரிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பழக்கம் வேண்டாம். ஈரம் படியும், பலன் ஒன்றுமில்லை. உலர்ந்த, வெயில் படாத இடம் போதும்.

பவர் பேங்க், லேப்டாப், மின்சார சைக்கிள் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயான் என்ற, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரி. உப்பிப்போனதைச் சார்ஜில் போடவும் கூடாது, குத்தவும் கூடாது. தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டாம். நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் மின்சார சைக்கிளை வாசலுக்குப் போகும் வழியில் நிறுத்திச் சார்ஜ் செய்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அது தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்காது.

அப்புறம் குப்பை. குறுக்கே கோடு போட்ட தொட்டிப் படம் பேட்டரிமேல் இருந்தால் வீட்டுக் குப்பையில் போடக்கூடாது என்று பொருள். மறுசுழற்சித் தொட்டியும் அதற்கானதல்ல. குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். பேட்டரிகளை எங்கே வாங்கிக்கொள்வார்கள் என்பது உங்கள் ஊர் நகராட்சியின் இணையதளத்தில் இருக்கும்.