ரூன் கல்லைப் பார்த்து நான்கடி எழுதுவது எப்படி?

வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியின் யாப்பில் தமிழில் நான்கடி எழுதிப் பார்க்கும் முறை இது. முதலில் பொருளைத் தேர்ந்தெடுங்கள். கொம்பு வைத்த வைக்கிங் தலைக்கவசம் வேண்டாம். அது 19ஆம் நூற்றாண்டு இசைநாடக மேடை பரப்பிய ஒப்பனை. நார்வேயில் 1943இல் கிடைத்த யெர்முண்ட்பு கவசத்தில் கொம்பே கிடையாது. வாளும் கோடரியும்கூட எனக்குப் பிடிப்பதில்லை. எழுதுகிறவரை நேராகப் பரணி என்னும் போர்ப்பாட்டுக்கு இழுத்துப்போய்விடும். உறவைச் சொல்லும் ரூன் கல்தான், அதாவது ரூன் என்ற பழைய எழுத்தில் பொறித்த நினைவுக்கல்தான் நல்லது.

நான் எடுத்துக்கொண்டது நார்வேயின் டின்னா கல், 11ஆம் நூற்றாண்டுக்குரியது. குன்வோர் என்ற தாய் தன் மகள் ஆஸ்த்ரித்தின் நினைவாகப் பாலம் அமைத்தாள். ஹாடலாந்து வட்டாரத்திலேயே கைத்திறன் மிக்க பெண் அந்த மகள். கல்வெட்டு சொல்வது இவ்வளவுதான்.

அடுத்து, ஒரு தாளை நெடுக்காக மடியுங்கள். மடிப்புக்கு இடப்பக்கம் இரண்டு சீர், வலப்பக்கம் இரண்டு சீர். பென்சிலே போதும்; கைபேசியில் இந்த மடிப்பு கண்ணில் படாது. நோர்ஸ் கவிஞர்கள் அழுத்தம் விழும் அசைகளை எண்ணினார்கள், நாம் சீரை எண்ணுவோம்.

இனிதான் சிக்கல். மோனையை முதல் சீரிலிருந்து தொடங்காதீர்கள். பழைய நோர்ஸ் யாப்பில் மூன்றாம் இடமே தலைமை. ஆகவே மூன்றாம் சீரை முதலில் எழுதுங்கள். முதல் சீரோ இரண்டாம் சீரோ, இரண்டுமோ அதற்கு இணங்க வேண்டும். நான்காவது இணங்கவே கூடாது. நம் கணக்கில் பொழிப்பு மோனையும் (1, 3ஆம் சீர்) கூழை மோனையும் (1, 2, 3ஆம் சீர்) செல்லும், முற்று மோனை (நான்கு சீரும்) செல்லாது. மோனையை அள்ளிக் கொட்டிப் பழகிய கைக்கு அந்தக் கடைசிச் சீரைச் சும்மா விடுவதுதான் பெரும்பாடு. நான் அதிக நேரம் திண்டாடியதும் அங்கேதான்.

பாதை நனைந்தது, பாலம் எழுப்பினாள்;
கைத்திறன் மிகுந்தவள் கண்மூடிப் போனாள்.

‘பாலம் படைத்தாள்’ என்றுதான் முதலில் வந்தது. காதுக்கு இனிமை, விதிக்குப் பகை, அடித்துவிட்டேன். இப்படியே இன்னும் இரண்டடி சேர்த்தால் அவர்களின் எட்டு அரையடிப் பாட்டுக்குச் சமம்.

பின்சேர்க்கை: ‘பா’வுக்குப் ‘பொ’ மோனையாகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நோர்ஸில் ஆகும், மெய் ஒன்றினால் போதும், உயிர்களோ எல்லாமே தமக்குள் ஒன்றும். தமிழில் ஆகாது. இணங்க வேண்டிய இடத்தில் தமிழ் விதியையும், விலக்க வேண்டிய நான்காம் சீரில் நோர்ஸ் விதியையும் பின்பற்றுங்கள். கப்பலை ‘அலைக்குதிரை’ என்று மறைத்துச் சொல்லும் உத்தியும் அவர்களுக்கு உண்டு. நான்கடிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.